அப்பாகிட்ட சொல்லாதீங்கன்னு வீட்ல சொல்லிட்டாங்க, பேஷண்ட் நம்மகிட்ட நேரா கேக்குறாரு... யாரு பதில் சொல்றது?

ராத்திரி_ஷிஃப்ட் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். கேன்சர் வார்டுல ஸ்டாஃப் நர்ஸ். அடையாளம் தெரியக்கூடாதுன்னு சில விவரங்களை மாத்தி எழுதுறேன்.

ஒரு பெரியவர். கணையத்துல கட்டி, கல்லீரல் வரைக்கும் பரவிடுச்சு. பையனும் பொண்ணும் டாக்டரைத் தனியா பாத்து "அப்பாவுக்கு தெரியவே கூடாது, தெரிஞ்சா அன்னைக்கே உடைஞ்சு போயிடுவாரு"ன்னு கெஞ்சியிருக்காங்க, டாக்டரும் சரின்னுட்டாரு. கேஸ் ஷீட் அட்டையில சிவப்பு பேனாவுல "நோய் பற்றி நோயாளியிடம் பேசக் கூடாது"ன்னு எழுதியாச்சு. அவருகிட்ட சொல்லியிருக்கறது வயித்துல புண்ணு, அதுக்கு மருந்து ஏறுதுன்னு. டாக்டர் காலைல ரவுண்ட்ஸ்ல வருவாரு, நல்லா இருக்கீங்கன்னு தட்டிக்கொடுத்துட்டு அடுத்த பெட்டுக்கு போயிடுவாரு. மிச்ச நேரமெல்லாம் அவரு கூட இருக்கறது நாங்கதானே. ராத்திரி டிரிப் மாத்தப் போனா, தலகாணியில கிடந்த முடியை விரல்ல சுருட்டி எடுத்து எங்கிட்ட நீட்டி "ஏம்மா, வயித்துப் புண்ணுக்கு முடி கொட்டுமா?"ன்னு கேக்குறாரு.

இதுக்கு நான் என்ன சொல்றது? பொய் சொல்ல வாய் வரல, உண்மையைச் சொன்னா வேலை இருக்காது. முடிவு எடுத்தது அவங்க, பொய் சொல்ற வேலை மட்டும் எனக்கு. உங்க இடத்துல எப்படி சமாளிக்கிறீங்க?

பெட்_16 எழுதியது:

"டாக்டர்கிட்ட கேளுங்க"ன்னு சொல்லிட்டு நகர்ந்துடுங்க. நமக்கு எதுக்கு வம்பு. கேஸ் ஷீட்ல எழுதியிருக்கு, அவ்ளோதான்.

பழைய_சிஸ்டர் எழுதியது:

பெட்_16, நீங்க சொல்றதுதான் பாதி வார்டுல நடக்குது, ஆனா அப்படி நகர்ந்து போறதே ஒரு பதில்தான். புண்ணுதான்னா புண்ணுதான்னு சட்டுன்னு சொல்லியிருப்போமே, நாம தயங்கினதுலயே அவருக்குப் பாதி புரிஞ்சுடும். மீதியை அவரே கற்பனை பண்ணிக்குவாரு, அது நிஜத்தைவிட மோசமாகூட இருக்கும்.

ராத்திரி, நான் ரிடையர் ஆயிட்டேன்மா, அதனால தைரியமா சொல்றேன். பொய்யும் சொல்லாத, நோய் பேரையும் நீயா உடைக்காத. ஸ்டூலை இழுத்துப் போட்டு உக்காரு. நின்னுக்கிட்டு பேசினா எந்த நிமிஷமும் போயிடுவேன்னு அர்த்தம், அவங்களுக்கு அது தெரியும். "உங்களுக்கு என்னன்னு தோணுது ஐயா?"ன்னு திருப்பிக் கேளு. சில பேரு "ஒண்ணுமில்லம்மா, சும்மா கேட்டேன்"னு பேச்சை மாத்துவாங்க, அவங்களுக்கு இன்னைக்கு வேணாம்னு அர்த்தம், விட்டுடலாம். சில பேரு "கேன்சர்தானே"ன்னு நேரா கேப்பாங்க. அப்ப "இதை டாக்டர் உங்ககிட்ட உக்காந்து பேசணும், நீங்க கேட்டீங்கன்னு நான் காலையில கண்டிப்பா சொல்றேன்"னு சொல்லு. சொன்னபடி செய்யவும் செய்யணும்.

முக்கியமானது இனிமேதான். நர்ஸ் நோட்ஸ்ல எழுது. அவரு கேட்ட வார்த்தையை அப்படியே, நேரம் போட்டு. "நோயாளி தன் நோய் என்ன என்று கேட்டார், மருத்துவரிடம் பேச விரும்புகிறார்." வாய்ல சொன்னா ஷிஃப்ட் மாறுற ஹேண்ட்ஓவர்லயே காணாமப் போயிடும், எழுதிட்டா யாராவது பதில் சொல்லியாகணும்.

மயக்கமருந்து_மணி எழுதியது:

எனக்கு ஒரே ஒரு கேள்வி. கீமோவுக்கு கன்சென்ட்ல, அதான் சம்மதப் படிவத்துல, கையெழுத்து போட்டது யாரு?

ராத்திரி_ஷிஃப்ட் எழுதியது:

பையன்தான் போட்டாரு டாக்டர். பெரியவர் நல்ல நினைவோடதான் இருக்காரு, தினமும் பேப்பர் படிக்கிறாரு.

மயக்கமருந்து_மணி எழுதியது:

அதான் நினைச்சேன். நினைவு தெளிவா இருக்கற ஆளுக்குப் பதிலா பையன் கையெழுத்து போட்டா அது கன்சென்ட்டே இல்ல. அந்த மருந்து வேணுமா, இல்ல இருக்கற மாசங்களை வாந்தி இல்லாம வீட்ல கழிக்கலாமான்னு தேர்ந்தெடுக்கற உரிமை அவரோடது, நோயே தெரியாத ஆளு எதைத் தேர்ந்தெடுப்பாரு. சொல்றதா வேணாமாங்கறது கருணை சம்பந்தப்பட்ட விஷயம்னு எல்லாரும் பேசுறோம், எனக்கென்னவோ முதல்ல அது அனுமதி சம்பந்தப்பட்ட விஷயம்னுதான் படுது.

இன்னொண்ணு. மறைக்கிறது ஏதோ நம்ம பண்பாடு, வெளிநாட்டுல எல்லாம் பட்டுன்னு சொல்லிடுவாங்கன்னு ஒரு பேச்சு இருக்கு. 1961ல அமெரிக்காவுல ஓக்கன்னு ஒருத்தர் டாக்டர்களைக் கேட்டு எடுத்த சர்வேயில சுமார் 90 சதவீதம் பேரு கேன்சர்னா நோயாளிகிட்ட சொல்றதில்லன்னுதான் சொன்னாங்க. அதே கேள்வியை 1979ல திரும்பக் கேட்டப்ப 97 சதவீதம் பேரு சொல்றதுதான் சரின்னாங்க. இருபது வருஷம்கூட ஆகல, அப்படியே தலைகீழ். அந்த 1961 டாக்டர்களும் சொன்ன காரணம் என்ன தெரியுமா, நம்பிக்கை போயிடும்னுதான்.

மூத்தமக எழுதியது:

நான் ஆஸ்பத்திரி ஆள் இல்ல, இந்த இழையில எழுதலாமான்னு தெரியல. எங்க அம்மாவுக்கு வந்தப்ப சொல்லாதீங்கன்னு கேட்டுக்கிட்டது நான்தான். இங்க படிக்கிறப்ப ஏதோ நாங்க சதி பண்ண மாதிரி இருக்கு. அம்மா நோய் வர்றதுக்கு முன்னாடியே, பக்கத்து வீட்டுக்காரம்மா இறந்தப்ப, "எனக்கு இப்படி ஏதாச்சும் வந்தா எங்கிட்ட பேரைச் சொல்லாதீங்க"ன்னு சொல்லியிருந்தாங்க. கடைசி வரைக்கும் ஒரு தடவைகூட கேக்கல. கேக்காத ஆளுகிட்ட போயி உரிமை உரிமைன்னு சொல்லி காதுல ஊத்தணுமா? நீங்க டூட்டி முடிஞ்சு போயிடுவீங்க சார், அதுக்கப்புறம் அந்த ராத்திரி முழுக்க அவங்க கூட உக்காந்திருக்கப் போறது நாங்க.

மயக்கமருந்து_மணி எழுதியது:

மூத்தமக, தாராளமா எழுதுங்க. உங்க அம்மா கேஸ் வேற. தெரிஞ்சுக்க வேணாம்னு சொல்றதும் அவங்க உரிமைதான், அதை அவங்களே சொல்லியிருக்காங்க, நீங்க காப்பாத்தியிருக்கீங்க, அதுல குத்தமே இல்ல. இந்தப் பெரியவர் கேக்குறாரே, அதான் வித்தியாசம். கெட்ட சேதி சொல்றதுக்கு ஸ்பைக்ஸ்னு 2000ல வந்த ஒரு முறை இப்ப பல இடத்துல சொல்லிக்கொடுக்கறாங்க, அதுல சேதியைச் சொல்றதுக்கு முன்னாடியே "எவ்வளவு தெரிஞ்சுக்க விரும்புறீங்க, எல்லாமா, இல்ல வீட்ல யாருகிட்டயாவது பேசட்டுமா"ன்னு கேட்டுக்கறதுக்குன்னே ஒரு படி இருக்கு. அந்த ஒரு கேள்வியைக் கேட்டிருந்தா சிவப்பு பேனாவுக்கு வேலையே இல்ல. இங்க எல்லாரும் பையனைக் கேட்டாங்க, பொண்ணைக் கேட்டாங்க, நோயாளியை மட்டும் விட்டுட்டாங்க.

மூத்தமக எழுதியது:

சரி, அது நியாயம். ஆனா நாங்க கெஞ்சினப்ப எங்களையும் யாரும் உக்கார வெச்சு "எதுக்கு பயப்படுறீங்க"ன்னு கேக்கல.

செகண்ட்_இயர்_பிஜி எழுதியது:

இது நல்லா போற இழை, அதனால என் வயித்தெரிச்சலையும் இங்கயே கொட்டுறேன். உண்மை சொல்றதாவது வாயோட முடிஞ்சுடும். எங்களுக்கு ராத்திரியில சிபிஆர், நின்ன ஹார்ட்டுக்கு நெஞ்சை அழுத்திப் பாக்கறது.

கேஸ் இப்படி வெச்சுக்கங்க. உறுப்பு ஒவ்வொண்ணா நிக்குது, இனிமே ஒண்ணும் இல்லன்னு காலைல ரவுண்ட்ஸ்லயே எல்லாருக்கும் தெரியும். ஆனா வீட்டுக்காரங்ககிட்ட அதைப் பேசணுமே, அது யாருக்கும் பிடிக்காத வேலை, நாளைக்கு நாளைக்குன்னு தள்ளிப் போட்டு டிஎன்ஆர் (ஹார்ட் நின்னா சிபிஆர் வேணாம்ங்கற குறிப்பு) எழுதாமலே கன்சல்டன்ட், அதான் எங்க பெரிய டாக்டர், வீட்டுக்கு போயிடுவாரு. ராத்திரி ஹார்ட் நிக்கும். போன் பண்ணா "பண்ற மாதிரி பண்ணுங்க"ன்னு பதில் வரும். பண்ற மாதிரி பண்றதுன்னா என்னன்னு வெளி ஆளுங்களுக்குத் தெரியாது. ஓடாம நடந்து போறது, அழுத்துற மாதிரி கையை வெக்கிறது, அட்ரினலினை மெதுவா லோடு பண்றது, திரைக்கு அந்தப் பக்கம் பொண்டாட்டி நிக்கறாங்கன்னு சத்தமா மட்டும் எண்றது. நிஜமா அழுத்தினா நெஞ்செலும்பு உள்ளங்கையில நொறுங்கறது தெரியும், அழுத்தலன்னா நாடகம். ரெண்டுமே எனக்குப் பிடிக்கல. ரெண்டையும் பண்ண வேண்டியது நான்.

வீட்டுக்காரங்களைக் குத்தம் சொல்லவும் முடியல, சினிமாவுலயும் டிவியிலயும் நாலு அழுத்து அழுத்தினா எழுந்து உக்காந்துடுறாங்க. 1996ல ஒரு மருத்துவ இதழ்ல டிவி தொடர்கள்ல வர்ற சிபிஆரை எண்ணிப் பாத்தாங்க, நாலுல மூணு பேரு அந்த நேரத்துக்குப் பிழைச்சுக்கறாங்க. நிஜத்துல, ஆஸ்பத்திரிக்குள்ளயே ஹார்ட் நின்னு, சிபிஆர் பண்ணி, உயிரோட வீட்டுக்குப் போறவங்க சுமாரா அஞ்சுல ஒருத்தர். அதுவும் எல்லா வகை நோயாளியும் சேர்த்து. நான் சொன்ன மாதிரி கேஸ்ல அதைவிட ரொம்ப கம்மி.

பெட்_16 எழுதியது:

நாடகம்னு சொல்றீங்க, ஆனா அந்த நாடகம் அந்தக் குடும்பத்துக்கு "எல்லாம் பண்ணிப் பாத்தாங்க"ன்னு ஒரு ஆறுதல் தருதே. அது ஒண்ணுமே இல்லையா? நான் வார்டுல எல்லாத்தையும் பாத்தவன்தான், திரைக்கு வெளிய நிக்கறவங்க முகத்தையும் பாத்திருக்கேன்.

பழைய_சிஸ்டர் எழுதியது:

ஆறுதலா இருக்கும்ப்பா, இல்லன்னு சொல்லல. ஆனா அந்த ஆறுதலுக்கு யாரோட உடம்பைப் பயன்படுத்துறோம்னும் பாக்கணும். பக்கத்துல உக்காந்து கையைப் பிடிச்சிருக்க வேண்டிய பொண்டாட்டியை வெளிய தள்ளிட்டு நடத்துற காரியம் அது. முந்தின நாள் சாயங்காலம் கால் மணி நேரம் பேசியிருந்தா அவங்க உள்ள இருந்திருப்பாங்க.

ஐசியூ_கதவு எழுதியது:

எங்க பக்கம் பிரச்சனை வேற மாதிரி. ஒரே ஒரு வென்டிலேட்டர் காலியா இருக்கு, ரெண்டு பேருக்கு வேணும். இதுல நோயாளியோட உரிமை, வீட்டுக்காரங்க விருப்பம் எல்லாம் பேசி முடிச்சாலும் மெஷின் ஒண்ணுதான்.

1962ல அமெரிக்காவுல சியாட்டில்ல நடந்தது தெரியும்ல. டயாலிசிஸ் அப்பதான் ஆரம்பம், மெஷின் கம்மி, ஆள் அதிகம். யாருக்குக் கொடுக்கறதுன்னு முடிவு பண்ண 7 பேர் கமிட்டி போட்டாங்க, ஒரு வக்கீல், ஒரு பாதிரியார், ஒரு பேங்க்காரர், ஒரு இல்லத்தரசின்னு பெரும்பாலும் சாதாரண ஆளுங்க. மருத்துவத் தகுதி பாத்து வடிகட்டி வந்த பேர்லயும் எல்லாருக்கும் இடமில்ல. அப்ப என்னத்தைப் பாத்தாங்க? கல்யாணம் ஆச்சா, எத்தனை பிள்ளைங்க, வேலை என்ன, சர்ச்சுக்கு போறாரான்னு. லைஃப் பத்திரிகையில அது வெளிய வந்ததும் நாறிப் போச்சு. நல்லவனுக்கு மெஷின், மத்தவனுக்கு சாவுன்னு ஆயிடுச்சேன்னு கேட்டாங்க. 1972ல அரசாங்கமே டயாலிசிஸ் செலவை ஏத்துக்கறதா சட்டம் வந்த பிறகுதான் அந்தத் தலைவலி அங்க தீர்ந்துச்சு.

அதனால எனக்கு ஒரு விஷயத்துல மட்டும் உறுதி. யாருக்குப் பிழைக்க வாய்ப்பு அதிகம்னு பாக்கலாம், எவ்வளவு அவசரம்னு பாக்கலாம், யாரு நல்ல மனுஷன்னு பாக்கக் கூடாது. குடிச்சுக் குடிச்சு ஈரல் கெட்டவன், தற்கொலைக்கு முயற்சி பண்ணவன், ஆக்சிடென்ட் பண்ணி நாலு பேரைக் கொன்னவன், எல்லாரும் பெட்ல படுத்துட்டா ஒண்ணுதான். சொல்றது ஈஸி, கதவுல நிக்கறப்ப மனசு கணக்கு போடும், போடத்தான் செய்யும். அதுக்குத்தான் கதவுல நிக்கறவன் தனியா முடிவு எடுக்கக் கூடாதுங்கறேன், முன்னாடியே எழுதி வெச்ச விதி இருக்கணும், அந்த நோயாளியை நேரா பாக்காத சீனியர் ரெண்டு பேராவது சேர்ந்து சொல்லணும்.

மயக்கமருந்து_மணி எழுதியது:

கதவு, முழுசா ஒத்துக்கறேன். ஒண்ணு சேர்த்துக்கறேன். மாட்டின வென்டிலேட்டரை எடுக்கறதும், மாட்டாமலே விடறதும் ஒழுக்க ரீதியா சமம்னுதான் பல நாட்டு மருத்துவ அமைப்புகளோட வழிகாட்டல்கள் சொல்லுது. சட்டம் நாட்டுக்கு நாடு மாறும், அது தனி. ஆனா கையில குழாயைப் பிடிச்சு எடுக்கறவனுக்கு அது சமமாவே தோணாது. பேப்பர்ல சமம்.

ராத்திரி_ஷிஃப்ட் எழுதியது:

நடுவுல ஒரு சேதி. நோட்ஸ்ல எழுதினேன். காலைல டாக்டருக்குக் கோபம், "இதையெல்லாம் எழுதணுமா"ன்னு கேட்டாரு. ஆனா எழுதிட்டதால பாலியேட்டிவ் டாக்டரை (வலி, தவிப்பைக் குறைக்கறதைப் பாக்கறவர்) கூப்பிட்டு, பையன் பொண்ணு ரெண்டு பேரையும் உக்கார வெச்சு பேசி, அப்புறம் பெரியவர்கிட்ட போனாங்க. எவ்வளவு சொல்லட்டும்னு கேட்டதுக்கு "பேரு வேணாம், இது சரியாகுமா ஆகாதா அதை மட்டும் சொல்லுங்க"ன்னாராம். சொல்லிட்டாங்க. கீமோவை நிறுத்திட்டாங்க, அவரு கேட்டபடி. பையன் இன்னும் எங்கிட்ட முகம் குடுத்துப் பேசல.

அப்படியே இன்னொரு கேள்வி, பழைய_சிஸ்டர்கிட்ட. கடைசி நேரத்துல மார்ஃபின் போடச் சொல்லி ஆர்டர் இருக்கும், தேவைப்பட்டா குடுக்கலாம்னு. தேவையான்னு பாக்கறது நாம, ஊசி போடறதும் நாம. போட்டு அரை மணி நேரத்துல போயிட்டாங்கன்னா, நாமதான் அனுப்பி வெச்சோமோன்னு வருதே, அது போகுமா?

பழைய_சிஸ்டர் எழுதியது:

முழுசா போகாதும்மா. ஆனா பயத்துல ஊசி போடாம விட்ட ராத்திரிகளை வேற சிஸ்டருங்க சொல்லிக் கேட்டிருக்கேன், அது இன்னும் மோசம். மூச்சுக்கு அவங்க தவிக்கிற தவிப்பு இருக்கே, கழுத்து நரம்பு புடைச்சு, தோள் ரெண்டும் ஏறி ஏறி இறங்கும். போட்ட பிறகு அந்தத் தோள் இறங்குதான்னு பாரு. போடறதுக்கு முன்னாடி வலி எவ்வளவு, மூச்சு நிமிஷத்துக்கு எத்தனை, போட்ட பிறகு எத்தனைன்னு எழுது. வலிக்கு ஏத்த அளவு கொடுத்தியா, ஆளை முடிக்கற அளவு கொடுத்தியான்னு அந்தச் சார்ட்டே சொல்லிடும்.

மயக்கமருந்து_மணி எழுதியது:

சிஸ்டர் சொன்னதேதான். தவிப்பைப் பாத்து கொஞ்சம் கொஞ்சமா ஏத்திக் கொடுத்தா மார்ஃபின் ஆயுளைக் குறைக்குதுன்னு நிரூபணம் இல்ல. அந்த நோயாளி எப்படியும் கடைசி மணி நேரத்துல இருந்தவர்தான், அதனாலதான் ஊசியே தேவைப்பட்டுச்சு.

மருந்தகம்_ஜன்னல் எழுதியது:

நான் பார்மசி. என் கேள்விக்கு யாரும் இதுவரைக்கும் சரியா பதில் சொன்னதில்ல. ஒரு நோயாளிக்கு ஒரே மருந்து ரெண்டு பேர்ல எழுதி டபுளா போயிருக்கு, ஒண்ணு கம்பெனி பேரு, இன்னொண்ணு மருந்து பேரு. ஸ்டாக் சரிபாக்கறப்ப பிடிச்சேன். நோயாளிக்கு ஒண்ணும் ஆகல. "ஒண்ணும் ஆகலல்ல, விடுங்க, சொன்னா கேஸ் போடுவாங்க"ன்னு மேல சொல்லிட்டாங்க. சொல்றதா வேணாமா?

ஐசியூ_கதவு எழுதியது:

சொல்லணும், ரிப்போர்ட்டும் போடணும். ஒண்ணும் ஆகாத தப்புதான் ரிப்போர்ட் பண்ண ரொம்ப நல்ல தப்பு, அடுத்த ஆளுக்கு ஏதாவது ஆகறதுக்கு முன்னாடியே கிடைச்சுடுது.

மருந்தகம்_ஜன்னல் எழுதியது:

அதெல்லாம் போஸ்டர்ல நல்லா இருக்கு. அமெரிக்காவுல டென்னசில 2017ல ஒரு நர்ஸ், மயக்கத்துக்கு மிடசோலம் எடுக்கப் போயி வெக்குரோனியம் எடுத்துட்டாங்க, தசையை முடக்கற மருந்து, நோயாளி இறந்துட்டாங்க. அந்த நர்ஸ் மறைக்கல, தானே உடனே ஒத்துக்கிட்டாங்க. 2022ல கிரிமினல் கோர்ட்ல குற்றவாளின்னு தீர்ப்பு. ஜெயில் இல்ல, 3 வருஷம் நன்னடத்தைக் கண்காணிப்பு, ஆனா லைசென்ஸ் அதுக்கு முன்னாடியே போயிடுச்சு. மருந்து அலமாரியில எச்சரிக்கையைத் தாண்டிப் போறது அங்க தினமும் நடக்கற பழக்கம்னும் விசாரணையில வந்துச்சு. இதைப் படிச்ச எந்த நர்ஸ் நாளைக்கு தானா வந்து சொல்லுவாங்க?

பழைய_சிஸ்டர் எழுதியது:

இந்தக் கேள்விக்கு நானும் பதில் வெச்சிருக்கல. சொல்லணும்னு தெரியும். சொன்னவங்களை நிர்வாகம் எப்படி நடத்துதுன்னும் தெரியும். ஆல்பர்ட் வூன்னு ஒரு டாக்டர் 2000ல எழுதினாரு, தப்புல முதல் பாதிப்பு நோயாளிக்கு, ரெண்டாவது பாதிப்பு அந்தத் தப்பைப் பண்ணவங்களுக்குன்னு. அந்தப் பேச்சு நோயாளி குடும்பத்துக்குப் பிடிக்கறதில்ல, அதுவும் நியாயம்தான். உங்க கேஸ்ல ஜன்னல், நீங்க தப்பு பண்ண ஆள் இல்ல, பிடிச்ச ஆள். உங்க ரெஜிஸ்டர்ல தேதி போட்டு எழுதுங்க, வார்டு டாக்டருக்கு எழுத்துல அனுப்புங்க. வாய்ல விடுங்கன்னு சொன்னவரு எழுத்துல விடுங்கன்னு சொல்றாரான்னு பாக்கலாம்.

லேப்_நைட் எழுதியது:

நானும் கேட்டுடறேன். சொந்தக்காரப் பொண்ணுக்கு நிச்சயம் ஆகியிருக்கு, பையனோட சாம்பிள் எங்க லேபுக்கு வந்துச்சு, ஹெச்ஐவி ரியாக்டிவ். பொண்ணு வீட்ல சொல்லாம இருக்க முடியுமா என்னால?

மயக்கமருந்து_மணி எழுதியது:

சொல்லாதீங்க, இங்கயும் மேல விவரம் எழுதாதீங்க. முதல் டெஸ்ட் ரியாக்டிவ்னா நோய் உறுதின்னு அர்த்தம் இல்ல, உறுதி பண்ற டெஸ்ட் பாக்கி இருக்கு. உறுதியானாலும் பையனுக்கு கவுன்சலிங் கொடுத்து, அவர் வாயாலயே பொண்ணுகிட்ட சொல்ல வைக்கறது சிகிச்சை டாக்டர் பொறுப்பு. மருந்து ஒழுங்கா எடுத்து வைரஸ் அளவு கண்டுபிடிக்க முடியாத அளவுக்குக் குறைஞ்சவங்ககிட்ட இருந்து உடலுறவு மூலமா பரவாதுன்னும் இப்ப தெரியும். இன்னொருத்தர் உயிருக்கு ஆபத்துன்னா ரகசியம் காக்கற கடமைக்கு எல்லை உண்டுன்னு கலிஃபோர்னியா கோர்ட் 1976லயே சொல்லியிருக்கு, ஆனா அது சிகிச்சை கொடுக்கறவருக்கு. லேப்ல பேரைப் பாத்த ஆளுக்கு இல்ல. டாக்டரைப் பாத்து "இந்தப் பொண்ணு விஷயத்தைக் கவனிங்க"ன்னு சொல்லுங்க, அதோட நிறுத்திக்கங்க.

மாடரேட்டர் எழுதியது:

லேப்_நைட், உங்க பதிவுல அடையாளம் தெரியற வரியை எடுத்துட்டேன். இதுக்குத் தனி இழை தொடங்குறேன், அங்க வாங்க.

செகண்ட்_இயர்_பிஜி எழுதியது:

படிச்சுப் பாத்தா எல்லா கேஸ்லயும் ஒண்ணுதான் வருது. சரி எதுன்னு தெரியலங்கறது கம்மி. தெரிஞ்சும் செய்ய விடமாட்டேங்கறாங்கறதுதான் அதிகம். 1984ல ஜேமட்டன்னு ஒருத்தர் நர்ஸுகளை வெச்சு இதைத்தான் எழுதினாரு, எது சரின்னு தெரியாத சங்கடம் வேற, இது வேற, சரி எதுன்னு தெரிஞ்சும் அமைப்பு தடுக்கறதால வர்ற துயரம்னு. நாங்க படிச்ச எதிக்ஸ் கிளாஸ் முழுக்க சங்கடம்தான், இது சிலபஸ்லயே இல்ல.

சரி, தத்துவம் போதும். நாளைக்கு ராத்திரி டூட்டி எனக்கு. மறுபடியும் "பண்ற மாதிரி பண்ணுங்க"ன்னு போன்ல வந்தா? என் தீசிஸ்ல கையெழுத்து போட வேண்டியவரே அவருதான்.

பழைய_சிஸ்டர் எழுதியது:

சாயங்காலமே போன் பண்ணு தம்பி, ராத்திரி வரைக்கும் காத்திருக்காத. "இந்த பெட்டுக்கு இன்னைக்கு ராத்திரி ஹார்ட் நின்னா என்ன பண்ணணும் சார், சிஸ்டரும் லைன்ல இருக்காங்க"ன்னு கேளு. சொன்னதைத் திருப்பிப் படிச்சுக் காட்டு, நேரம் போட்டு எழுது, சிஸ்டர் சாட்சிக் கையெழுத்து போடட்டும். பண்ற மாதிரின்னு வந்தா, "முழு சிபிஆரா, இல்லையா, எதைன்னு எழுதட்டும் சார்"னு மட்டும் கேளு. பணிவாத்தான் கேக்கணும்.

செகண்ட்_இயர்_பிஜி எழுதியது:

காலைல அதுல கையெழுத்து போட மாட்டேன்னாருன்னா?

பழைய_சிஸ்டர் எழுதியது:

அதையும் எழுது.

பெட்_16 எழுதியது:

சிஸ்டர் ஈஸியா சொல்லிட்டீங்க, தீசிஸ் போனா அவருக்கு யாரு பதில் சொல்றது :)

ஐசியூ_கதவு எழுதியது:

பிஜி, உங்க ஆஸ்பத்திரில எதிக்ஸ் கமிட்டின்னு இருக்கறது ஆராய்ச்சிக்கு மட்டுமா, இல்ல இந்த மாதிரி கேஸுக்கும் கூப்பிடலாமா, முதல்ல அதைக் கேட்டு வைங்க. பல இடத்துல பேருக்கு ஆராய்ச்சிக் கமிட்டி மட்டும்தான் இருக்கும். அப்படின்னா உங்க பேட்ச்ல மூணு நாலு பேரு சேர்ந்து, குறிப்பிட்ட ஆள் பேரு இல்லாம, ராத்திரி டிஎன்ஆர் விஷயத்துல எழுத்துல ஒரு விதி வேணும்னு டிபார்ட்மென்ட்டுக்கு லெட்டர் குடுங்க. ஒருத்தர் கேட்டா குறி வெப்பாங்க, பேட்சா கேட்டா மீட்டிங் போடுவாங்க. டிராஃப்ட் வேணும்னா தனிச்செய்தில அனுப்புறேன், நாங்க குடுத்தது இருக்கு.

செகண்ட்_இயர்_பிஜி எழுதியது:

அனுப்புங்கண்ணா. பேட்ச்ல ரெண்டு பேரு சம்மதம், மூணாவது ஆளைப் பிடிக்கணும்.